வார்ட்டும் வகுப்பும்: தொழில் பார்த்துக்கொண்டே தாதியியல் பட்டம்

உயர்தர விஞ்ஞானப் பிரிவில் மூன்று பாடமும் சித்தியடைந்து, இசட் புள்ளி கொஞ்சம் குறைந்ததால் பல்கலைக்கழக வாசலில் நின்றுவிட்ட பிள்ளைகள் நம் ஊர்களில் எத்தனையோ பேர். அவர்களில் ஒரு பகுதியினர் சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரிகளுக்குப் போகிறார்கள். மூன்று வருடப் பயிற்சி, டிப்ளோமா, தாதியர் பேரவையில் பதிவு, பிறகு அரசாங்க ஆஸ்பத்திரியில் நியமனம். அத்தோடு வீட்டார் நிம்மதியாகிவிடுவார்கள். "கவர்மென்ட் வேலை கிடைச்சிட்டு, அல்ஹம்துலில்லாஹ். இனி என்ன படிப்பு?" என்பார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியே இதை எழுதுகிறேன். நான் தமிழ் படித்தவள், பாடசாலையில் தமிழ் படிப்பிப்பவள். சுகாதார விஞ்ஞானத்தில் எனக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். எனது சாச்சியின் மகள் கரையோரப் பிரதேசத்து ஆதார வைத்தியசாலை ஒன்றில் தாதிய உத்தியோகத்தர். வேலைக்குப் போய்க்கொண்டு, இரண்டு பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டு, தாதியியல் விஞ்ஞானமாணிப் பட்டத்தை முடித்தவ. அந்த வருடங்களில் அவவின் ஒப்படைகளும் வினாக்கொத்துகளும் என் மேசைக்கும் வந்து போயின. இப்போது என் பழைய மாணவிகள் இதே கேள்வியோடு வீட்டுக்கு வருகிறார்கள். ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகச் சொல்வதை ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது.

முதலில் டிப்ளோமாவுக்கும் பட்டத்துக்கும் என்ன வித்தியாசம் என்று பார்ப்போம். ஊசி போடுவதிலோ, சேலைன் ஏற்றுவதிலோ, காயத்துக்கு மருந்து கட்டுவதிலோ டிப்ளோமாக்காரி ஒரு குறையும் வைக்க மாட்டாள். பட்டதாரி இந்த வேலைகளை இன்னும் சிறப்பாகச் செய்வாள் என்றும் இல்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. படுக்கையோடு கிடக்கும் நோயாளியை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று பயிற்சிக் கல்லூரியில் சொல்லிக் கொடுப்பார்கள். பட்டப்படிப்பில் அதே விடயம் கேள்வியாக மாறுகிறது. எல்லா நோயாளிக்கும் ஒரே அளவு ஆபத்தா? யாருக்குப் படுக்கைப்புண் வரும் என்று முன்கூட்டியே எப்படிக் கணிப்பது? அதற்கு பிறேடன் அளவுகோல் என்று ஒன்றிருக்கிறது. 1980களில் அமெரிக்கத் தாதியியல் ஆய்வாளர்கள் இருவர் உருவாக்கியது. உணர்திறன், ஈரலிப்பு, நடமாட்டம், உடலை அசைக்கும் திறன், போசாக்கு, உராய்வு ஆகிய ஆறு விடயங்களுக்குப் புள்ளி கொடுத்துக் கூட்டுவார்கள். மொத்தம் 6க்கும் 23க்கும் இடையில் வரும். புள்ளி குறையக் குறைய ஆபத்து கூடும். ஒரு தாதி தான் கண்ணால் கண்டதை எண்ணாக்கி, எழுதிவைத்து, அதைக் கொண்டு டொக்டரோடு வாதாட முடிகிறது. "டொக்டர், இவருக்குப் பாதுகாப்பு மெத்தை வேணும்" என்று சொல்லும்போது கையில் ஆதாரம் இருக்கிறது. இந்தப் பட்டத்தின் சாரம் இதுதான் என்பது என் எண்ணம்.

இலங்கையில் தாதியருக்கான பட்டப்படிப்பு நெடுங்காலம் இருக்கவில்லை. 1980இல் தொடங்கப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தோடு கூட்டாக, 1994இல் தாதியியல் விஞ்ஞானமாணியை ஆரம்பித்தது. அது ஏற்கனவே வார்ட்டில் வேலை செய்துகொண்டிருந்த டிப்ளோமாத் தாதியருக்கென்றே வகுக்கப்பட்டது. பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, கிழக்கு, கொழும்பு எனப் பிற பல்கலைக்கழகங்கள் உயர்தரப் பெறுபேற்றின்படி பிள்ளைகளை நேரடியாக எடுத்துத் தாதியியல் பட்டம் கொடுக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஆக, இந்த நாட்டில் தாதியர் பட்டம் என்பதே வேலை பார்ப்பவர்களுக்காகத் தொடங்கிய ஒன்று. இதை நான் மாணவிகளிடம் அழுத்திச் சொல்வதுண்டு. "வேலைக்குப் போனவங்க பட்டம் செய்றது ரெண்டாந்தரம்" என்ற பேச்சு நம்மிடம் இருக்கிறது. வெளிவாரிப் பட்டம் செய்த ஆசிரியர்களைப் பார்த்தும் அப்படித்தான் பேசுவார்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். விண்ணப்பம் நிரப்பும்போது யாரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. நமது நாட்டில் பட்டங்களுக்கெல்லாம் பொதுவான ஒரு தகைமைச் சட்டகம் இருக்கிறது. மொத்தம் 12 மட்டங்கள். சாதாரண இளமாணிப் பட்டம் 5ஆம் மட்டம், சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். முதலாவதுக்கு ஆகக் குறைந்தது 90 திறமைப் புள்ளிகள், இரண்டாவதுக்கு 120. ஒரு புள்ளி என்பது 50 மணித்தியாலக் கற்றல். விரிவுரை மட்டுமல்ல, வீட்டில் வாசிப்பது, ஒப்படை எழுதுவது, செய்முறை, பரீட்சைக்குப் படிப்பது எல்லாம் அந்த 50இல் அடக்கம். அப்படியானால் 120 புள்ளிக்கு 6000 மணித்தியாலம். முழுநேர மாணவி வருடம் 1500 மணித்தியாலம் படித்து நான்கு வருடத்தில் முடிப்பாள். வார்ட்டில் வேலை செய்யும் தாயொருத்திக்குக் கிழமைக்கு 20 மணித்தியாலம் ஒதுக்குவதே பெரும்பாடு. ஒதுக்கினாலும் 300 கிழமைகள் வேண்டும், அதாவது ஆறு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. டிப்ளோமாவுக்காக எவ்வளவு விலக்களிப்பு கிடைக்கிறதோ அவ்வளவுக்கு இது குறையும். ஒரு பாடம் பிந்தினால், ஒரு பிள்ளை பிறந்தால் கூடும். ஆகவே "மூணு வருஷத்துல முடிச்சிடலாம்" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை அவர் முன் வைத்துப் பாருங்கள்.

இந்த மணித்தியாலங்கள் எங்கிருந்து வருகின்றன? அரசாங்க ஆஸ்பத்திரிகளில் தாதியரின் நாள் மூன்றாகப் பிரிந்திருக்கும்: காலை 7 முதல் பகல் 1 வரை, 1 முதல் இரவு 7 வரை, இரவு 7 முதல் மறுநாள் காலை 7 வரை. இரவு டியூட்டி முடித்து வந்து, பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பி, நித்திரையைத் தள்ளிவைத்துப் பாடப்புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் எறும்பாக ஊரும் என்பா சாச்சியின் மகள். கல்முனைப் பக்கத்திலிருந்து மட்டக்களப்பு நிலையத்துக்குப் போவதென்றால் சுமார் 40 கிலோமீற்றர் பஸ். எல்லாப் பாடத்தின் வகுப்பும் பக்கத்து நிலையத்தில் நடக்காது, சிலவற்றுக்குக் கொழும்பு நாவலைக்கே போக வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு சூம் வழி வகுப்புகள் கூடியது ஒரு பெரிய உதவி. ஆனால் செய்முறைகளைக் கையடக்கத் தொலைபேசியில் செய்ய முடியாது.

தொலைக்கல்வி என்றதும் கடைசிப் பரீட்சைக்கு முதல் ஒரு மாதம் குறிப்பு மனனம் செய்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. கலைமாணி வெளிவாரியில் சிலர் அப்படி முடித்ததை நானே பார்த்திருக்கிறேன். இங்கே அது சரிவராது. திறந்த பல்கலைக்கழகத்தில் வருடம் முழுக்க ஒப்படைகளும் இடைப் பரீட்சைகளும் வைத்து, அவற்றில் போதிய தகுதி பெற்றால்தான் இறுதிப் பரீட்சைக்கு உட்கார விடுவார்கள். தகுதி வராவிட்டால் அந்தப் பாடத்தை அடுத்த வருடம் மறுபடி எடுக்க வேண்டும். பலர் இடையில் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். பாடம் விளங்காமல் விடுபவர்களை விட, ரோஸ்டர் ஒத்துவராமல் விடுபவர்களையே நான் அதிகம் கண்டிருக்கிறேன். பரீட்சைத் திகதியில் டியூட்டி மாற்றிக் கொடுக்க மனமில்லாத ஒரு பொறுப்பாளர் போதும், ஒரு வருடம் போய்விடும். "படிக்கப் போனா வார்ட்ட யார் பாக்கிற?" என்று அவர் கேட்பதிலும் நியாயம் இல்லாமலில்லை, ஆள் தட்டுப்பாடு உண்மைதான். எனவே பாட அட்டவணை கையில் கிடைத்த அன்றே முழு வருடத்துத் திகதிகளையும் எழுத்தில் கொடுத்துவிடுவது நல்லது. டியூட்டி மாற்றிக்கொள்ள இரண்டு கூட்டாளிகளைப் பிடித்து வைத்துக்கொள்வது அதைவிட நல்லது. அவர்களுக்குப் பெருநாள் இல்லாத காலங்களில் நாம் அவர்களுடைய டியூட்டியைப் பார்க்கலாம், நமது பெருநாளில் அவர்கள் பார்ப்பார்கள். சித்திரைப் புதுவருடத்துக்கும் வெசாக்குக்கும் வேலை செய்துதான் சாச்சியின் மகள் தனது பரீட்சை நாட்களை வாங்கினா.

இன்னொரு விடயம். கிழக்கில் கலியாணம் முடித்த பெண் உம்மா வீட்டுக்குப் பக்கத்திலோ, உம்மா வீட்டிலேயோதான் இருப்பா, மாப்பிள்ளைதான் வந்து சேர்வார். சீதன வீடு பற்றி எத்தனையோ விமர்சனம் இருக்கிறது, அவற்றில் பலவற்றோடு எனக்கு உடன்பாடும் உண்டு. ஆனால் இரவு டியூட்டிக்குப் போகும் ஒரு தாதி பட்டமும் படிக்கிறா என்றால், பிள்ளைகளுக்குச் சோறு கொடுக்க அவவின் உம்மா அதே வளவில் இருப்பதால்தான் அது நடக்கிறது. ஏனைய மாவட்டங்களில் மாமியார் வீட்டில் வாழும் தாதியருக்கு இந்த வசதி அவ்வளவு இலகுவில் கிடைப்பதில்லை. பெண்களின் உயர்கல்வியைப் பற்றி நாம் நடத்தும் கருத்தரங்குகளில் இந்தச் சாதாரண விடயத்தை யாரும் சொல்லக் கேட்டதில்லை.

மொழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அது என் துறையும் கூட. நம் பிள்ளைகள் உயர்தர உயிரியலைத் தமிழில் படிக்கிறார்கள். கலம், இழையம், சதையி, ஓமோன் என்று இலங்கைப் பாடநூல்களுக்கே உரிய நல்ல சொற்கள் அவர்கள் நாவில் இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பிள்ளை செல், திசு, கணையம் என்று படிப்பாள். பட்டப்படிப்போ முழுக்க ஆங்கிலம். உயர்தரத்தில் கற்றது மறந்துபோகாது, ஆனால் அதை இன்னொரு மொழியில் முழு வாக்கியமாக எழுத வேண்டும். வார்ட்டில் தாதியர் எழுதும் ஆங்கிலம் குறுக்கெழுத்தும் துண்டு வாக்கியமும்தான். ஒப்படையிலோ ஒரு கருத்தை எடுத்து, ஆய்வுகளைக் காட்டி, நாலு பக்கம் வாதிக்க வேண்டும். முதல் வருடம் திணறுவது இதனால்தான். நான் சொல்லும் வழி இது: முதலில் தமிழில் யோசித்து, வாதத்தின் எலும்புக்கூட்டைத் தமிழில் எழுதுங்கள். எது காரணம், எது விளைவு, எதற்கு எது ஆதாரம் என்பது தமிழில் தெளிந்தால் ஆங்கிலம் பின்னால் வரும். தமிழிலேயே தெளியாதது ஆங்கிலத்தில் தெளியாது.

தமிழில் மருத்துவம் கற்பிக்க முடியாது என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு மானிப்பாயை நினைவூட்டலாம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1860களில் மருத்துவ வகுப்புகளையே தமிழுக்கு மாற்றினார். 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' போன்ற தடித்த நூல்கள் அந்த முயற்சியில் தமிழில் வந்தன. அந்தப் பாதை தொடரவில்லை. தொடர்ந்திருந்தால் நமது தாதியருக்கு இன்று இரட்டைச் சுமை இருந்திராது. ஆனால் இன்று பட்டம் செய்ய வருபவளிடம் இந்த வரலாற்றைச் சொல்லி ஆங்கிலம் தேவையில்லை என்று நம்ப வைப்பது அநியாயம்.

கடைசிக் கட்டத்தில் மாணவி ஒரு சிறிய ஆய்வு செய்ய வேண்டும். சாச்சியின் மகள் எடுத்த தலைப்பு நீரிழிவு நோயாளரின் பாதப் பராமரிப்பு. நமது ஊர்களில் சீனி வருத்தக்காரர் இல்லாத வீடு குறைவு. விரல் எடுத்தவர், கால் எடுத்தவர் எல்லா ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். ஆங்கில வினாக்கொத்தைத் தமிழாக்க வேண்டும். ஒருவர் தமிழாக்கிய பிறகு, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அந்தத் தமிழைத் திருப்பி ஆங்கிலமாக்க வேண்டும், இரண்டு ஆங்கிலமும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். ஆய்வு முறையில் இது ஒரு கட்டாயப் படி. தமிழாக்கம் என் தலையில் விழுந்தது. "நீங்கள் தினமும் உங்கள் பாதங்களைப் பரிசோதிக்கிறீர்களா?" என்று இலக்கணச் சுத்தமாக எழுதிக் கொடுத்தேன். திருப்பி மொழிபெயர்த்தபோது அச்சொட்டாக மூலம் வந்தது. முன்னோட்டமாகச் சிலரிடம் கேட்டுப் பார்த்தபோது ஒரு மூத்தம்மா சொன்னாவாம்: "நான் எங்க மகள் பரிசோதிக்கிற? அது டொக்டர்தானே செய்ற." பரிசோதனை என்றால் அவவுக்கு ஆஸ்பத்திரி வேலை. பிறகு அந்தக் கேள்வி "ஒவ்வொரு நாளும் காலைத் தூக்கி உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்ப்பீங்களா?" என்று மாறியது.

உணர்ச்சி குறைதலைக் கேட்பது இதைவிடக் கஷ்டம். பாடநூற் சொல் 'உணர்விழப்பு'. அந்தச் சொல்லைக் கேட்டவர்கள் மயக்கம் என்று விளங்கிக்கொண்டார்கள். மக்கள் சொல்வது விறைப்பு, மரத்துப்போன மாதிரி, பஞ்சில நடக்கிற மாதிரி, செருப்புக் கழண்டதே தெரியல்ல. வலியிலும் அப்படியே. குத்து, உளைவு, எரிவு, கடுப்பு எல்லாம் வேறு வேறு. நரம்பு பாதித்தவர் எரிவு என்பார், நடந்து களைத்தவர் உளைவு என்பார். இந்த வேறுபாடு மருத்துவத்துக்குப் பெறுமதியான தகவல். ஆங்கில வினாக்கொத்திலிருந்து 'வலி' என்ற ஒரே சொல்லாக அது வந்துவிட்டால் தகவல் தொலைந்துபோகும். நோயாளியின் வாயிலிருந்து வரும் சொல்லை அப்படியே எழுதி, அடுத்த பக்கத்தில் அதன் மருத்துவப் பொருளை எழுதும் பழக்கம் தாதியருக்கு வந்தால் நல்லதொரு சொல்லடைவே கிடைக்கும். தமிழ்த்துறை மாணவர்கள் வட்டார வழக்கு ஆய்வுக்குத் தலைப்பில்லை என்று அலைவதை விட இதில் கைவைக்கலாம்.

ஆய்வில் இன்னொரு படி ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி. தகவல் சேகரிக்க முன்னரே அதைப் பெற வேண்டும், சேகரித்த பிறகு கேட்டால் கிடைக்காது. அந்தக் குழுவுக்குக் கொடுத்த விளக்கத்தில் சாச்சியின் மகள் ஒரு விடயத்தைக் கவனமாக எழுத வேண்டியிருந்தது. வெள்ளை உடுப்போடு ஒரு மிஸ்ஸி வந்து "இந்தக் கேள்விக்குப் பதில் சொல்றீங்களா?" என்று கேட்டால் எந்த நோயாளி மாட்டேன் என்பார்? மறுத்தால் மருந்து கிடைக்காதோ என்ற பயம் இருக்கும். எனவே தான் வேலை செய்யாத ஒரு கிளினிக்கில், சீருடை இல்லாமல், பங்குபற்றாவிட்டாலும் சிகிச்சையில் ஒரு மாற்றமும் வராது என்று தமிழில் சொல்லி, ஒப்பம் வாங்கித்தான் கேள்வி கேட்டா. சம்மதம் என்ற சொல்லின் உண்மையான அர்த்தம் எனக்கு விளங்கியது அந்தப் படிவத்தைத் தமிழாக்கும்போதுதான்.

பட்டம் கிடைத்தது. என்ன பலன்? பச்சையாகச் சொன்னால், மறுமாதச் சம்பளச் சீட்டில் ஒரு சதம் கூடவில்லை. அதே வார்ட், அதே ரோஸ்டர். அவவின் மாப்பிள்ளை கொஞ்ச நாள் மனம் உடைந்துதான் இருந்தார். திறந்தது வேறு கதவுகள். முதுமாணி செய்ய வழி வந்தது, தாதியர் கல்வித்துறைப் பக்கம் போகவும் இடம் வந்தது. மத்திய கிழக்கில் பட்டத்துக்கு நேரடியான பெறுமதி உண்டு. சவூதியில் சுகாதாரத் தொழில்களுக்கான ஆணையம் தாதியரை வகைப்படுத்தும்போது டிப்ளோமாக்காரரைத் தொழில்நுட்பவியலாளர் தரத்திலும், பட்டதாரியை நிபுணர் தரத்திலும் வைக்கிறது. சம்பளம் அந்தத் தரத்தைப் பார்த்தே பேசப்படும். 2022 பொருளாதார நெருக்கடியில் அரசாங்கம் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு போக உத்தியோகத்தர்களை அனுமதித்தபோது, பட்டம் கையில் இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இருந்த வித்தியாசம் வெளிச்சமாகத் தெரிந்தது. நாட்டுக் காசில் பயின்றவர்கள் போய்விடுவதா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அதை வார்ட்டில் நிற்கும் பெண்ணிடம் மட்டும் கேட்பது எனக்கு ஒப்பில்லை.

இந்தத் தேவையைப் பார்த்துத்தான் இப்போது ஒரு வருடத்தில் பட்டம் என்று முகநூலில் விளம்பரங்கள் கொட்டுகின்றன. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் இறுதி வருடத்தை இங்கேயே படிக்கலாம், டிப்ளோமா இருந்தால் போதும் என்பார்கள். அவற்றில் நல்லவையும் இருக்கின்றன. நகையை அடகு வைத்து லட்சக்கணக்கில் கட்டிவிட்டு, பின்னர் அந்தப் பட்டம் இங்கே செல்லாது என்று அறிந்த ஒரு தாதியையும் எனக்குத் தெரியும். காசு கட்ட முன்னர் பட்டத்தாளில் யாருடைய பெயர் இருக்கும் என்று கேளுங்கள். உள்நாட்டுத் தனியார் நிறுவனத்தின் பெயர் என்றால், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் பட்டம் வழங்க அதற்கு அங்கீகாரம் உண்டா, அதுவும் இந்தக் குறிப்பிட்ட பட்டத்துக்கு உண்டா என்று பார்க்க வேண்டும். நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருப்பதால் அது நடத்தும் எல்லாப் பாடநெறிக்கும் இருக்கிறது என்று ஆகாது. வெளிநாட்டுப் பெயர் என்றால், அந்தப் பல்கலைக்கழகத்தை ஏற்றுக்கொள்கிறார்களா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்கலாம். முகவர் காட்டும் நிழற்படப் பிரதியை நம்ப வேண்டாம். போக நினைக்கும் நாட்டின் தாதியர் பதிவு அமைப்பு அந்தப் பட்டத்தை எப்படி வகைப்படுத்தும் என்பதையும் அந்த அமைப்பிடமே கேட்க வேண்டும். சில நாடுகள் செய்முறைப் பயிற்சி மணித்தியாலங்களைத் தனியாகக் கேட்கும், எனவே பயிற்சிக் கல்லூரியில் பெற்ற பயிற்சி விவரச் சான்றிதழை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வருடங்கள் போனபின் பழைய கோப்பைத் தேடி எடுப்பிப்பது ஒப்படை எழுதுவதை விடக் கஷ்டம்.